கிண்ணம் காட்டிக்கொடுத்த விக்கிரகம்

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கப்பலிறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, வந்த புதிதில் ஊருக்கு வெளியே ஒரு கோயிலருகே நின்ற மண் உருவங்களைக் கண்டார். சிலவற்றைக் கீழே தள்ளினார்; சிலவற்றின் தலையை உடைத்தார். தன்னையே காத்துக்கொள்ளத் தெரியாதது உங்களை எப்படிக் காக்கும் என்று மக்களுக்குக் காட்டுவது அவர் எண்ணம். அங்கிருந்த உள்ளூர் ஆசிரியர் ஒருவர் அவருக்கு விளக்கினார்: இவை தெய்வங்களே இல்லை, தெய்வத்தின் படைவீரர்கள் மட்டுமே. பாதிரியார் உடைத்தது யாரும் தெய்வமென்று கும்பிடாத ஒன்றை. இந்தப் பாடத்தை சீகன்பால்கு வீணாக்கவில்லை. ஓலைச்சுவடிகளைச் சேர்த்தார், தமிழர்களிடம் நேரிலும் கடிதத்திலும் கேட்டறிந்தார், 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை ஒரு நூலாக எழுதி ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்று அங்கிருந்து மிஷனை வழிநடத்திய பிராங்கே அதை ஒதுக்கிவைக்க, நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. பிறருடைய மண் உருவங்களில் எது சாமி, எது காவலாள் என்று பிரித்தறியவே இவ்வளவு உழைப்பு வேண்டியிருந்தது. தன் சபைக்குள் எது சாமியாக உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க தரங்கம்பாடி மிஷனுக்கும் அதன் வழிவந்த சபைகளுக்கும் இன்னும் நெடுங்காலம் பிடித்தது. தமிழ்க் கிறித்தவ வரலாற்றின் பெரும் பகுதி இந்தத் தாமதத்தின் கதைதான்.

விக்கிரகத்துக்கு உருவம் இருந்தே ஆக வேண்டும் என்று வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. எசேக்கியேல் தீர்க்கதரிசியிடம் ஆலோசனை கேட்க வந்து உட்கார்ந்த இஸ்ரவேலின் மூப்பர்கள், தங்கள் இருதயத்தில் விக்கிரகங்களை நாட்டி வைத்தவர்கள் என்று கடிந்துகொள்ளப்பட்டார்கள். அவர்கள் கையில் சிலை எதுவும் இருந்ததாக அங்கே சொல்லப்படவில்லை. பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது பொருளாசையையே விக்கிரகாராதனைக் கணக்கில் சேர்க்கிறார். பிலிப்பியருக்கு எழுதும்போது சிலருக்கு வயிறே தெய்வம் என்கிறார். மோசே தேவ கட்டளைப்படி செய்த வெண்கலச் சர்ப்பம்கூட, மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியபின் எசேக்கியா ராஜாவால் உடைத்தெறியப்பட்டது. ஆகவே நல்ல மூலத்திலிருந்து வந்ததும் விக்கிரகமாகலாம். 1529இல் மார்ட்டின் லூதர் தம் பெரிய ஞானோபதேசத்தில் முதல் கற்பனையை விளக்குகையில், மனிதன் தன் இருதயத்தை எதன்மேல் சாய்க்கிறானோ அதுவே அவனுடைய தெய்வம் என்ற கருத்தை வைத்தார்; பணத்தையும் கல்வியையும் குடிப்பெருமையையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார். தரங்கம்பாடிக்கு வந்தவர்கள் இந்த லூதரின் பிள்ளைகள். அவருடைய சிறிய ஞானோபதேசத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்தே ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்தார்கள். எனவே போதனையில் குறை இருந்ததால் அந்த விக்கிரகம் தப்பியது என்று சொல்ல வழியில்லை. போதனை கையிலிருந்தும் அது கண்ணில் படவில்லை என்பதுதான் விளக்கம் கேட்கிற விஷயம்.

முதல் சான்று ஒரு மனிதரின் வாழ்க்கை. தஞ்சை அரசரின் படையில் சிறு அதிகாரியாக இருந்தவர் ராஜநாயக்கன். பறையர் குலத்தவர், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ச் சுவிசேஷங்களைப் படித்து, 1720களின் இறுதியில் லூத்தரன் சபைக்கு வந்து, உபதேசியாராக ஊழியம் தொடங்கினார். தஞ்சை நாட்டுக்குள் ஐரோப்பியர் எளிதில் நுழைய முடியாத காலத்தில் அங்கே சபைகள் வளர்ந்ததற்கு அவர் முதன்மையான காரணம். 1733இல் மிஷன் தன் முதல் இந்தியப் போதகரை அபிஷேகம் செய்தபோது அந்த இடம் கடலூரைச் சேர்ந்த வேளாளரான ஆரோனுக்குப் போனது. அடுத்த போதகரைத் தேடியபோது ராஜநாயக்கனின் பெயர் பேசப்பட்டது. அவருடைய பக்தியிலோ அறிவிலோ உழைப்பிலோ மிஷனரிகள் குறை காணவில்லை. அவர் கையிலிருந்து நற்கருணை வாங்க மற்றச் சாதிக் கிறித்தவர்கள் கூசுவார்கள், அதனால் அந்தச் சாக்கிரமெந்துக்கே மதிப்புக் குறையும் என்று தயங்கினார்கள். 1741இல் தியோகு என்பவர் அபிஷேகம் பெற்றார். ராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். இந்த முடிவின் உள்ளே இருக்கும் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் என்று நம்பப்படும் அப்பமும் ரசமும் ஒரு மனிதனின் கை பட்டால் மதிப்பிழக்கும் என்றால், அப்பத்துக்குமேல் மதிப்பு வழங்கும் அதிகாரம் வேறெதற்கோ இருக்கிறது என்று பொருள். அந்த வேறெதற்கோ மிஷனரிகள் பெயர் வைக்கவில்லை. ஆனால் அதற்குக் கீழ்ப்படிந்தார்கள்.

இரண்டாவது சான்று ஆலயத்தின் தரை. 18ஆம் நூற்றாண்டுத் தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் வேப்பேரியிலும் சபையார் பொதுவாக இரு பிரிவாக உட்கார்ந்தார்கள்: அக்காலப் பதிவுகள் சூத்திரர் என்று குறிக்கும் வேளாளர் முதலானோர் ஒரு புறம், பறையர் மறுபுறம், நடுவே இடைவெளி. ஒரே பிரசங்கம், ஒரே ஜெபம், ஒரே பாட்டு. ஆராதனை முழுக்க இந்த இடைவெளியைப் பெரிதாக நினைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வராது. நற்கருணை நேரத்தில்தான் சிக்கல் எழும். அப்பத்தைத் தனித்தனியாகக் கொடுத்துவிடலாம். ரசத்துக்கு இருப்பது ஒரு கிண்ணம். உதடு பட்ட பாத்திரம் இன்னொருவர் உதட்டுக்குப் போக வேண்டும். சூத்திரர் முதலில் வந்து பருகிவிட்டுப் போக, பறையர் பிறகு வருவது வழக்கமாயிற்று. சில இடங்களில் இரண்டு கிண்ணங்களே புழங்கின. மேலோட்டமாகப் பார்த்தால் இது வரிசை ஒழுங்கு. ஆனால் இந்த வரிசை ஒருநாளும் தலைகீழாக நடந்ததில்லை. பறையர் முதலில் பருகிய கிண்ணம் வேளாளரிடம் வருவது நினைத்துப் பார்க்கவும் முடியாததாக இருந்தது. நூறாண்டுப் பிரசங்கத்தில் வெளிப்படாத ஒன்று ஒரு கிண்ணம் கைமாறும் வரிசையில் வெளிப்பட்டுவிட்டது.

இதற்கு அந்தக் காலத்திலேயே ஒரு மறுப்பு இருந்தது. அதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதி என்பது நாட்டு வழக்கம், சமூகத் தகுதி, சமயத்தோடு அதற்குத் தொடர்பில்லை என்பது அந்த மறுப்பு. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி பூணூலும் குடுமியும் சந்தனமும் குலத்தகுதியின் அடையாளங்களே என்று வாதாடினார். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலவாதவரை இவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். 1826இல் திருச்சியில் மறைந்த ஆங்கிலிக்கன் பேராயர் ரெஜினால்ட் ஹீபரின் மனமும் இந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்த லைப்சிக் மிஷன் தலைவர் கார்ல் கிரவுல், 1849 முதல் 1853 வரை இந்தியப் பயணம் செய்தபின், சாதியை ஒரே வெட்டாக வெட்டக் கூடாது, சுவிசேஷம் அதை உள்ளிருந்து மெல்ல மாற்றட்டும் என்றார். இந்தத் தரப்பின் மிக வலுவான கேள்வி ஐரோப்பியரை நோக்கியது: உங்கள் நாட்டுப் பிரபு தன் வேலைக்காரனோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறாரா? உங்கள் ஆலயங்களில் செல்வர்களுக்குத் தனி ஆசனம் இல்லையா? அங்கே அதற்குப் பெயர் நாகரிகம், இங்கே மட்டும் விக்கிரகாராதனையா? இந்தக் கேள்விக்கு அன்றைய மிஷனரிகளிடம் நேர்மையான பதில் கிடைக்கவில்லை.

இந்த மறுப்பைத் தமிழில் வாழ்ந்தே காட்டியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பில் தஞ்சையில் கற்று, சரபோஜி மன்னரின் நட்பைப் பெற்று, தமிழ்க் கிறித்தவப் பாட்டுக்கே ஒரு மரபை உண்டாக்கியவர். 1820களில் புதிதாக வந்த மிஷனரிகளின் சீர்திருத்தங்களை எதிர்த்து அவர் எழுதியவற்றில் நான்கு குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பப்ரீசியுவின் பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். நற்கருணையில் சாதிகளைக் கலக்கச் சொல்கிறார்கள். கல்யாணத்திலும் சாவிலும் பூ வைப்பதைத் தடுக்கிறார்கள். ஆலயத்தில் தமிழ் இசையை நிறுத்துகிறார்கள். இந்தப் பட்டியல் இரு தரப்பின் தவறையும் ஒருசேரக் காட்டுகிறது. புதிய மிஷனரிகள் பூமாலையையும் தமிழ் ராகத்தையும் சாதி வரிசையையும் ஒரே கட்டாகக் கட்டி, எல்லாம் புறச்சமய எச்சம் என்றார்கள். சாஸ்திரியார் அதே கட்டை அவிழ்க்காமல் வாங்கி, எல்லாம் எங்கள் வழக்கம் என்றார். இவற்றில் எது வெறும் வழக்கம், எது தெய்வத்தின் இடத்தில் இருப்பது என்று பிரித்துப் பார்க்க இருவருமே முன்வரவில்லை.

பிரிப்பதற்கு ஒரு வழி இருந்தது. மணப்பெண் தலையில் பூ வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு படி கீழே இறங்க வேண்டியதில்லை. ஆலயத்தில் தமிழ் ராகத்தில் பாடினால் யாரும் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை. பழைய மொழிபெயர்ப்பின்மேல் இருந்த பற்று யாருடைய அபிஷேகத்தையும் தடுக்கவில்லை. கிண்ணத்தின் வரிசை மட்டும், நடக்கும் ஒவ்வொரு முறையும், எதிரிலிருக்கும் இன்னொரு மனிதனின் தாழ்வை விலையாகக் கேட்டது. பலி கேட்பது தெய்வங்களின் குணம். வழக்கங்கள் நேரத்தைக் கேட்கும், பணத்தைக் கேட்கும், பொறுமையைக் கேட்கும், ஆளைக் கேட்பதில்லை. ராஜநாயக்கனின் போதகர் பட்டம் அப்படிக் கேட்கப்பட்டுக் கொடுக்கப்பட்ட பலி. ஆங்கிலப் பிரபுவின் தனி ஆசனமும் ஒரு ஏழையைப் பின்னுக்குத் தள்ளியிருந்தால் இந்த அளவுகோல் அதையும் விடாது. ஐரோப்பாவிலும் இது உண்டே என்ற வாதத்தால் குற்றவாளிகளின் எண்ணிக்கை கூடும். தமிழ்நாட்டுக் குற்றம் குறையாது. பவுல் கொரிந்துச் சபையை மிகக் கடுமையாகக் கண்டித்த இடங்களில் ஒன்று, கர்த்தருடைய பந்தியில் இருப்பவர்கள் முந்திச் சாப்பிட்டு இல்லாதவர்களை வெட்கப்படுத்தியதைப் பற்றியது என்பதை இரு கண்டத்தாரும் படித்தே இருந்தார்கள்.

பெயர் சொல்லிக் குற்றம் சாட்டும் வேலையைக் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் செய்தார். 1833 ஜூலையில் அவர் அனுப்பிய சுற்றறிக்கை, சபைக்குள் சாதி வேறுபாடு உடனே, முழுதாக, இனி ஒருபோதும் திரும்பாதபடி கைவிடப்பட வேண்டும் என்றது. அது வாசிக்கப்பட்ட வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் ஏராளமானோர் ஆலயத்தை விட்டு வெளியேறினார்கள். 1835இன் தொடக்கத்தில் வில்சன் நேரில் வந்து, திருச்சியில் சூத்திரரையும் பறையரையும் ஐரோப்பியரையும் மாற்றி மாற்றி வரச் செய்து நற்கருணை கொடுத்தார். 1840களில் அமெரிக்க மதுரை மிஷன் இன்னொரு சோதனையை வைத்தது: ஊழியர்கள் எல்லாச் சாதியாரோடும் ஒன்றாக உட்கார்ந்து, யார் சமைத்ததானாலும் சாப்பிட வேண்டும். மறுத்த உபதேசியார்கள் வேலை இழந்தார்கள். 1850இல் சென்னையில் கூடிய மிஷன்களில், லைப்சிக்காரர் நீங்கலாக ஏறக்குறைய எல்லாரும் இந்த வழியை ஏற்றுக்கொண்டார்கள். வில்சனின் சுற்றறிக்கை கேட்டு வெளியேறியவர்களின் செயல் கவனிக்கத் தக்கது. அவர்களை யாரும் கிறிஸ்துவை மறுதலிக்கச் சொல்லவில்லை. கிண்ணத்தின் வரிசையை விடு, இல்லையேல் நற்கருணையை விடு என்ற நிலை வந்தபோது நற்கருணையை விட்டார்கள். எது மேலே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடையாது.

ஆனாலும் வில்சனின் வழி வென்றது என்று எழுதினால் வரலாற்றுக்குத் துரோகம். வெளியேறியவர்களில் பலர் லைப்சிக் மிஷனின் பொறுமையான அணுகுமுறையை நாடிப் போனார்கள். சமபந்திச் சோதனைக்கு உட்கார்ந்து வேலையைக் காப்பாற்றிக்கொண்டவர் வீட்டில் பெண் கொடுப்பது, எடுப்பது பழையபடியே நடந்தது. ஒரு வேளைச் சோற்றைப் பரீட்சையாக வைத்தால், சாதியை விடாமலே தேர்ச்சி பெறக் கற்றுக்கொள்வது கடினமில்லை. சீகன்பால்கு மண் தலைகளை உடைத்த அதே முறைதான் இதுவும்: கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அடி விழுந்தது, தெய்வம் வேறிடத்தில் இருந்தது. வெளியிலிருந்து வரும் கட்டளை விக்கிரகத்தின் இருப்பை வெளிக்காட்டும். அதற்குமேல் அதன் கை எட்டாது. தன்னுடையது விக்கிரகம் என்று உரியவரே கண்டுகொள்ளாதவரை அது இடம் மாறிக்கொண்டேயிருக்கும், ஆசனத்திலிருந்து கிண்ணத்துக்கு, கிண்ணத்திலிருந்து கல்யாணத்துக்கு.

இங்கே இன்னொரு எதிர்ப்புக் குரலுக்கும் இடமுண்டு. தமிழனின் விக்கிரகத்தைச் சுட்டிக்காட்டிய வெள்ளைக்காரர் தம் விக்கிரகத்தைப் பார்த்தாரா என்று கேட்டவர்களும் தமிழர்களே. 1849இல் இடையன்குடி மிஷனரி ராபர்ட் கால்டுவெல், சாணார் என்று அன்று அழைக்கப்பட்ட நாடார்களைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர்களை வந்தேறிகள், பேய் வழிபாட்டினர், மந்த அறிவினர் என்று அது சித்திரித்ததாக நாடார்கள் கொதித்தார்கள். சட்டாம்பிள்ளை என்று பெயர்பெற்ற அருமைநாயகம், நாசரேத் மிஷனரியோடு ஏற்பட்ட மோதலுக்குப் பிறகு 1857இல் ஐரோப்பியத் தலைமை இல்லாத தனிச் சபையை நிறுவினார். சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள் என்று அது நடந்தது. ஐரோப்பிய வழக்கங்களையே கிறித்தவம் என்று விற்பதை அது கேலி செய்தது. 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா எழுந்து, மிஷனரிகள் இந்திய ஊழியருக்காக உயிரையே கொடுத்தாலும் சமமாக உட்கார வைத்து நட்புக் காட்டுவதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவர் குறிப்பிட்டவற்றில் ஒன்று மிஷனரி வீட்டுச் சாப்பாட்டு மேசை. சமபந்தியை உபதேசியாருக்குப் பரீட்சையாக வைத்தவர்கள் தம் சொந்த மேசையில் அதே பரீட்சைக்கு உட்காரவில்லை. அசரியா 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானபோதும் ஐரோப்பியர் பக்கமிருந்து எதிர்ப்பு வந்தது. எனவே இந்த வரலாறு இனப்பெருமைக்காரர் சாதிப்பெருமைக்காரரைத் திருத்திய கதையாக முடிவதில்லை. அடுத்தவர் விக்கிரகம் பளிச்சென்று தெரிகிறது, தன்னுடையது தகுதி என்றும் நாகரிகம் என்றும் பெயர் சூட்டிக்கொண்டு மறைகிறது என்பதற்கு இரு தரப்புமே சாட்சி.

கத்தோலிக்கர் பக்கத்தில் இந்த மறைவு செங்கல்லும் சுண்ணாம்புமாகவே எழுந்து நின்றது. நெல்லைச் சீமையின் தெற்குக் கோடியிலுள்ள வடக்கன்குளத்தில் 1872இல் கட்டி முடிந்த திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு கூடங்கள். விரித்துப் போட்ட கால்சட்டைபோல இரு கால்களாகப் பிரிந்து பீடத்தில் மட்டும் சேரும். ஒன்றில் வேளாளர், இன்னொன்றில் நாடார், நடுவே தடுப்பு. பூசை வைக்கும் குரு இரு பக்கத்தாருக்கும் தெரிவார். ஒரு பக்கத்தார் கண்ணில் மறுபக்கத்தார் பட மாட்டார்கள். கடவுளைப் பார்க்கும்போது அயலானைப் பார்க்க வேண்டாம் என்று ஏற்பாடு செய்துகொடுத்த கட்டடம் அது. 1910இல் பங்குத்தந்தை கௌசானல் காலத்தில் தடுப்பு இடிக்கப்பட்டது. வேளாளர் தரப்பு வழக்குத் தொடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. தீட்டு என்ற வாதத்துக்குக் கிறித்தவ ஆலயத்தில் இடமில்லை என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது. இந்த வரலாற்றை ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் ஆவணங்களோடு விரித்து எழுதியிருக்கிறார். இதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமானார். தாழ்த்தப்பட்டோரோடு கலந்து பழகியதும் அவர்மேல் வந்த வெறுப்புக்குக் காரணங்களில் ஒன்று. 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். அவர் உயிரைக் கொடுத்துத் துறந்ததை, அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரே ஒரு நூற்றாண்டுக்குப் பின் கோயில் கட்டிக் காப்பாற்றியது. 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிப்பதற்கு முன் வத்திக்கான் அவர் பெயரிலிருந்து ‘பிள்ளை’யை நீக்கியது.

இவ்வளவையும் கேட்டபின் ஒரு நியாயமான மனக்குறை எழலாம். அந்த முன்னோர்கள் கிறித்தவத்துக்காக எவ்வளவோ இழந்தவர்கள். 1799இல் சாத்தான்குளம் அருகே முதலூர் உருவானதே, சொந்த ஊரில் துன்புறுத்தப்பட்ட புதுக் கிறித்தவருக்குப் புகலிடம் வேண்டும் என்பதால்தான். தலைமுறை தலைமுறையாகப் பயந்து கும்பிட்ட பேய்க்கோயில் பீடங்களைத் தங்கள் கையாலேயே இடித்து, அந்த இடத்தில் ஜெபவீடு கட்டியவர்கள் அவர்கள். அந்த ஜெபவீடுகள் எரிக்கப்பட்டபோதும் பின்வாங்காதவர்கள். இவர்களைப் போய் விக்கிரகாராதனைக்காரர் என்பதா? இந்த மனக்குறையில் உண்மை இருக்கிறது. அந்த உண்மையே என் வாதத்துக்கும் துணை. பீடத்தை இடிக்க வேண்டியது அச்சத்தை வெல்லும் துணிவு, அது அவர்களிடம் ஏராளமாக இருந்தது. கிண்ணத்தின் வரிசையை விட வேண்டியது பெருமையை இழக்கும் துணிவு, அது வேறு தசை. முதல் துணிவு இருப்பவனிடம் இரண்டாவதும் இருக்கும் என்று எண்ணிவிடுவதாலேயே பக்தியுள்ளவர்களின் விக்கிரகம் நெடுங்காலம் பிடிபடாமல் இருக்கிறது. அவர்கள் பட்ட பாடுகளே அதற்குத் திரையாகிவிடுகின்றன. மேலும், இந்த விக்கிரகத்தை முதலில் இனங்கண்டவர்கள் மிஷனரிகளுமல்ல, பேராயர்களுமல்ல. கிண்ணத்துக்காகக் கடைசியில் காத்து நின்றவர்கள் அதை எந்த ஞானோபதேசமும் இல்லாமலே அறிந்திருந்தார்கள். பலி கொடுப்பவனுக்குத் தெய்வம் வழக்கமாகத் தோன்றும். பலியாகிறவனுக்கு அப்படித் தோன்றுவதில்லை.

எல்லாவற்றையும் விக்கிரகம் என்று சொல்லத் தொடங்கினால் அந்தச் சொல்லுக்கே மதிப்பிருக்காது என்பது கடைசி மறுப்பு. இன்றைய பிரசங்கங்களில் கைப்பேசி, கிரிக்கெட், தொலைக்காட்சித் தொடர், பிள்ளைகளின் மதிப்பெண் எல்லாமே விக்கிரகங்களாக அடுக்கப்படுவதைக் கேட்பவருக்கு இந்தச் சலிப்பு வருவது இயல்பே. பிடித்திருப்பது, பழகிப்போனது, நேரத்தைத் தின்பது ஆகியவையெல்லாம் விக்கிரகமாகிவிடாது. முந்நூறு ஆண்டுத் தமிழ்ச் சபை வரலாறு தருகிற அளவுகோல் இதைவிடக் கறாரானது. ஒன்று, அதற்காக வேறொரு மனிதர் தாழ்த்தப்பட வேண்டியிருக்கிறதா? இரண்டு, அதைக் காக்க அதற்கு வேறொரு பெயர் வைக்க வேண்டியிருக்கிறதா? நாட்டு வழக்கம் என்றும் சமூகத் தகுதி என்றும் ஒழுங்கு என்றும் வைத்ததுபோல. மூன்று, அதுவா தேவனா என்ற நிலை வந்தபோது கால் எந்தப் பக்கம் நடந்தது? இந்த மூன்றிலும் தேறுகிற ஒன்று இருந்தால் அது எந்த வடிவத்தில் இருந்தாலும் விக்கிரகம். தேறாவிட்டால் அது பூமாலைபோல அப்படியே இருக்க விடத் தக்க வழக்கம்; அதைப் பிடுங்கியெறிவது மிஷனரி செய்த பழைய தவறு.

சாதி அந்த மூன்றிலும் இன்றும் தேறிக்கொண்டிருக்கிறது. கிண்ணம் இன்று சிக்கலே இல்லை. பெரும்பாலான சபைகளில் எல்லாரும் ஒரே வரிசையில் முழங்கால் படியிடுகிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமகள் தேவைப் பகுதியில் மறுபடியும் பிறந்த, அபிஷேகம் பெற்ற, ஊழிய வாஞ்சையுள்ள வரன்கள் எல்லாம் சாதிப் பெயரோடுதான் வருகின்றன. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைப் பிரிக்க எழுந்த சுவரின்மேல் எத்தனையோ போராட்டம் நடந்தது. பேராயர் தேர்தல் வந்தால் வேட்பாளரின் ஜெப வாழ்க்கையைவிட அவருடைய சாதியின் வாக்குகள் முதலில் எண்ணப்படுவதைச் சபையார் வெளிப்படையாகவே பேசிக்கொள்கிறார்கள். இவற்றுக்கும் இன்று நாகரிகமான பெயர்கள் உண்டு: குடும்பப் பொருத்தம், பழக்கவழக்க ஒற்றுமை, நம்ம மக்களின் பிரதிநிதித்துவம். 1826இல் ஒரு பேராயர் ஏற்கத் தயாராக இருந்த சொற்களுக்கும் இவற்றுக்கும் இடையே பெரிய தூரமில்லை.

தனிமனித வாழ்வில் தன் விக்கிரகத்தைக் கண்டுபிடிக்க விரும்பும் கிறித்தவர் பொதுவாக உள்நோக்கிப் பார்க்கிறார்: நான் எதை அதிகம் நேசிக்கிறேன், எதற்கு அதிக நேரம் கொடுக்கிறேன் என்று மனத்தைத் துழாவுகிறார். ராஜநாயக்கனை ஒதுக்கிய மிஷனரிகளும் இப்படித் துழாவியவர்களே. உள்ளச்சோதனையில் அவர்களை மிஞ்சியவர் குறைவு. அந்தச் சோதனையில் அவர்களுக்கு எதுவும் தட்டுப்படவில்லை, ஏனென்றால் விக்கிரகம் அதை வைத்திருப்பவரின் மனத்தைத் தொந்தரவு செய்வதில்லை. அடுத்தவர் வாழ்க்கையைத்தான் தொந்தரவு செய்கிறது. ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். என் பக்திக்குப் பின்னால் யார் காத்து நிற்க வேண்டியிருக்கிறது? என் குடும்பத்தின் மதிப்புக்காக யார் வீட்டுக்குள் வராமல் இருக்க வேண்டியிருக்கிறது? இதற்கு என் மனசாட்சியைவிட அவர்களிடம் நம்பகமான பதில் இருக்கும். மண் உருவங்கள் தெய்வமா என்று அறிய சீகன்பால்கு ஊராரைக் கேட்டது சரியான முறைதான். தன் சபையின் தெய்வம் எது என்று அறிய ராஜநாயக்கனைக் கேட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குப் பின்வந்தவர்களுக்குத் தோன்றவில்லை. நமக்கு அந்தச் சாக்கு இல்லை. கேட்க வேண்டியவர்கள் நம் சபைகளிலேயே இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.